உச்சி மணியை நிறுத்தக் கையெழுத்துப் போட்ட மகனுக்கு

மகனே,

கடிதம் என்றால் முதல் வரியில் நலம் விசாரிக்க வேண்டும் என்று மடத்துப் பள்ளியில் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைக்கு எனக்கு அது வரவில்லை. நான் நலமாக இல்லை, கோபமாக இருக்கிறேன். அம்மாவுக்கு மறுபடியும் மூட்டுவலி போலிருக்கிறது என்று நினைத்துத் தைலம் வாங்கி அனுப்பிவிடாதே. உன்மேல்தான் கோபம். உன்மேல் மட்டும் என்று சொல்ல முடியாது. ஆனால் மற்றவர்களெல்லாம் பக்கத்து வீடுகளில் இருக்கிறார்கள், தண்ணீர் பிடிக்கும்போது முகத்துக்கு நேராகச் சொல்லிவிடலாம். நீ பஸ் ஏறிப் போய்விட்டாய், அதனால் எழுதுகிறேன். இதை மூடி ஒட்டி ரகசியமாக அனுப்பப் போவதில்லை. சாயங்கால ஜெபத்துக்கு வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுவேன். கேட்டுவிட்டு யார் முகம் சுளித்தாலும் சுளிக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் நடந்ததை நீ வந்து எனக்குச் சொல்லவில்லை. ஊரே சொல்லிக் கடைசியில்தான் எனக்குத் தெரிந்தது. நீயும் நம் கோயில் பெரியவர்களும் ஊர்த் தெருக்காரர்களும் உட்கார்ந்து சமாதானம் பேசினீர்களாம். மாதா கோயிலில் இனிமேல் ஞாயிறு பூசைக்கு மட்டும்தான் மணி, மற்றபடி விடியலிலோ உச்சியிலோ சாயங்காலமோ எந்த மணியும் அடிப்பதில்லை என்று எழுதினார்களாம். நம் ஆட்களில் படித்தவன் நீ என்பதால் காகிதத்தை முதலில் உன் பக்கம் நீட்டினார்களாம். நீயும் பேனாவை வாங்கிப் போட்டுவிட்டாயாம். அதற்குப் பிறகு மற்றவர்கள் வரிசையாக வந்து கைநாட்டு வைத்திருக்கிறார்கள். "உபதேசியாரு புள்ளையே போட்டுட்டான், அப்பால நமக்கு இன்னா" என்று ஒருவர் சொன்னாராம், அவர் பெண்டாட்டியே வந்து என்னிடம் சொன்னாள். உபதேசியாரான உன் அப்பா செத்ததிலிருந்து மணியை அடிப்பது யார்? நான்தானே? அடிக்கிறவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று உங்களில் ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லையா?

நீ பயந்தது எனக்குப் புரியாமல் இல்லை. மாதா சுரூபம் இருக்கிற கெபியின் கண்ணாடியைக் கல்லெறிந்து உடைத்தார்கள். கோயில் கதவில் சாணியை அப்பினார்கள். பெரிய வீட்டுக்காரரின் மகன், இப்போது நிலமெல்லாம் அவர் கையில்தானே இருக்கிறது, டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு "கோயில் கூரை நல்லாக் காஞ்சி கெடக்குதுபா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். அந்தச் சிரிப்பைக் கேட்டு வந்தவர்கள் சோறு இறங்காமல் கிடந்தார்கள். அதுவும் உனக்கு மடுகரையில் பெண் பேசி முடித்திருக்கிற நேரம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊர் சொன்னதை நான் கேட்டபோது நீ துணி மடித்துப் பையில் வைத்துக்கொண்டே பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது.

"அம்மா, கல்யாணம் முடியட்டும். பொண்ணு வூட்டுக்காரங்க வந்து போற நேரத்துல ஏதாவது ஒண்ணு ஆயிட்சின்னா இன்னா பண்றது? சாமிக்கு மணி அடிச்சாதான் கேக்குமா? மனசுக்குள்ள வேண்டிக்கினா கேக்காதா?"

குழம்பை ஊற்றி உன்னைச் சாப்பிடச் சொன்னேன். நீ சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போனாய். நீ கேட்டதற்குப் பதில் இப்போதுதான் வந்திருக்கிறது. பொறுமையாக உட்கார்ந்து படி.

மணி மணி என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, அது ஒரு தண்டவாளத் துண்டு. ரயில் ரோட்டு வேலைக்குப் போன உன் தாய்மாமன் வில்லியனூரிலிருந்து வண்டியில் போட்டுக் கொண்டுவந்தது. உன் அப்பா அதைக் கோயில் பக்கத்துப் பூவரச மரத்தில் கம்பி போட்டுக் கட்டினார். அப்போது அவர் காலை மாடு மிதித்து வயல் வேலைக்குப் போக முடியாமல் இருந்தார். கயிறு திரித்துக்கொண்டு, கட்டில் பின்னிக்கொண்டு, ஜெபம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு கோயிலே கதியென்று கிடந்தார். விடியலிலும் உச்சியிலும் பொழுது சாயும்போதும் திரிகால ஜெபத்துக்கு மணி அடிக்க வேண்டும் என்று பங்குச் சாமியார் சொல்லி, ஒரு பழைய டைம்பீஸையும் கொடுத்துவிட்டுப் போனார். உன் அப்பா அதை ஆண்டவரே நேரில் வந்து சொன்னதுபோல எடுத்துக்கொண்டார். முள் பன்னிரண்டில் ஏறினதும் எழுந்து நொண்டிக்கொண்டே போய் மும்மூன்றாக அடிப்பார். மழையானாலும் சரி, வீட்டில் சண்டையானாலும் சரி. என்னோடு அவர் போட்ட பாதிச் சண்டைகள் அந்த மணியால் நடுவிலேயே நின்றவை.

உனக்கு அப்போது பாகூர்ப் பள்ளிக்கூடம். வயலில் என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியாது. மணி வருவதற்கு முன்னால் உச்சி எப்போது என்று முடிவு செய்கிறவர் பெரிய வீட்டுக் காரியக்காரர். வரப்பில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் வாயைத் திறந்து சொன்னால்தான் உச்சி. சூரியன் தலைக்கு நேராக வந்து அந்தப் பக்கம் இறங்கவும் தொடங்கிவிடும், "இன்னும் பொழுது சாயலடி, குனிங்கடி" என்பார். நாங்கள் குனிந்துகொண்டே நடுவோம். உன் தங்கை கைக்குழந்தை. கரைமேல் வேலமரத்தில் தூளி கட்டிப் போட்டிருப்பேன். அவள் அழுவது கேட்கும், எனக்கு மார் கட்டிக்கொண்டு வலிக்கும், பால் வடிந்து ரவிக்கை நனைந்துவிடும். ஏறிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றால், "போறதுனா ஒரேயடியாப் போயிடு, நாளிக்கி வராத" என்பார். என்னைப் போல நான்கைந்து பிள்ளைக்காரிகள். அதில் பாதிப்பேர் நம் கோயில்காரர்கள்கூட இல்லை, காலனியில் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். வலி எல்லோருக்கும் ஒன்றுதான்.

உன் அப்பா முதல்முதலாக உச்சி மணி அடித்த அன்று நான் சேற்றில் நின்றபடியே நிமிர்ந்து சிலுவை போட்டுக்கொண்டேன். பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த பூங்காவனம் கேட்டாள்.

"இன்னாடி, நட்ட நடுவுல நின்னுக்கினு நெத்தியத் தொடுற?"

"உச்சி ஆயிட்சி. ஜெபத்துக்கு மணி அடிக்கிறாரு."

"உச்சி ஆயிட்சா? நெஜமாவா? அப்ப ஏறுங்கடி!"

கையிலிருந்த நாற்று முடியை அப்படியே போட்டுவிட்டு அவள்தான் முதலில் கரையேறினாள். சூடம் ஏற்றி மாரியம்மனைக் கும்பிடுகிற பூங்காவனம். அவள் ஏறினதைப் பார்த்து எல்லோரும் ஏறினார்கள். காரியக்காரர் குடையை ஆட்டிக்கொண்டு கத்தினார். "மாதா கோயில் மணி அடிச்சிடுச்சி சாமி, உங்க காதுல வுழலியா?" என்று கேட்டாள் அவள். நான் ஓடிப்போய் உன் தங்கையைத் தூக்கி மாரில் போட்டுக்கொண்டேன். ஜெபத்தை அதற்குப் பிறகுதான் சொன்னேன், அவள் குடித்துக்கொண்டிருக்கும்போது. என் வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு ஜெபம் நான் சொன்னதில்லை.

அன்றிலிருந்து ஆரம்பித்தது சனியன். பெரிய வீட்டுக்காரருக்கு நம் சாமியோடு எந்த விரோதமும் கிடையாது. அவருக்கு உடம்பு முடியாமல் போனபோது அவர் வீட்டு அம்மாள் நம் மாதாவுக்கு மெழுகுவத்தி அனுப்பியவர்தான். அவர்களுக்குப் பொறுக்க முடியாமல் போனது உச்சி நேரம் தங்கள் கையைவிட்டுப் போனதுதான். ஆனால் அதை அப்படிச் சொல்ல அவர்களுக்கு வாய் வருமா? "மணிச் சத்தம் ஊருக்கு ஆகல, சாமிக் குத்தம்" என்று சொல்லிவிட்டார்கள். நம் பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். சாமியாரும் சைக்கிளில் வந்து, "ஊரோட ஒத்துப் போங்க, ஆண்டவருக்கு மணி இல்லாமலே காது கேக்கும்" என்றார். நீ ஞாயிற்றுக்கிழமை சொன்னாயே, அதே வார்த்தை. அவர் நல்ல மனுஷர்தான். ஆனால் பூசை முடிந்ததும் அவர் சைக்கிள் ஏறிப் போய்விடுவார், நாங்கள்தானே இங்கே கிடக்க வேண்டும். உச்சி மணியை விட்டுக்கொடுத்தோம். விடியல் மணியும் சாயங்கால மணியும் இருக்கிறதே, போதும் என்று எல்லோரும் சந்தோஷமாகத் தலையாட்டினோம். எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது.

அங்கேதான் நாங்கள் ஏமாந்தோம். உச்சி மணி நின்ற கொஞ்ச நாளில் விடியல் மணியால் தூக்கம் கெடுகிறது என்று ஆள் வந்தது. அதையும் விட்டோம். மாதா திருவிழாச் சப்பரம் ஊர்த் தெருவழியாக ரோட்டுக்குப் போகக் கூடாது என்றார்கள். சரி என்று வாய்க்கால் கரையில் சப்பரத்தைத் தூக்கிக்கொண்டு போனோம், சேற்றில் கால் வழுக்கி மாதா சாய்ந்து தலையிலிருந்த கிரீடம் கீழே விழுந்தது. கடைசியில் கோயிலுக்குக் கூரை மாற்ற ஓலை வெட்டக் கூடாது என்றார்கள். ஒவ்வொரு தடவையும் இதோடு விட்டுவிடுவார்கள் என்று நாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொண்டோம். சமாதானத்துக்காக விட்டோம் என்று பேசிக்கொண்டோம். சமாதானமாவது மண்ணாங்கட்டியாவது! பயந்து விட்டோம், அவ்வளவுதான். நீ இப்போது கையெழுத்துப் போட்டிருக்கிற காகிதம் நாங்கள் அன்றைக்கு வாயால் சொன்னதுதான். நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை, நீ எழுதியே கொடுத்துவிட்டாய். படித்து என்ன பிரயோஜனம், சொல்.

கூரை நனைந்து மாதாவின் தலையில் சொட்டிய அன்று உன் அப்பா டைம்பீஸை எடுத்துத் துடைத்துச் சாவி கொடுத்தார். நான் வேண்டாம் என்றேன். கெஞ்சினேன். உச்சிக்குப் போய் அடித்துவிட்டு வந்து உட்கார்ந்து கயிறு திரிக்க ஆரம்பித்தார். கயிறு முறுக்கு ஏறவில்லை, பிரித்துப் பிரித்து மறுபடியும் திரித்தார். "பயமா இருக்குதா?" என்று கேட்டேன். "இருக்குது. அதுக்கு இன்னா இப்ப?" என்றார். எனக்கு அப்போது அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. பயப்படாத மனுஷனாக இருந்தாலாவது, சரி இவருக்கு வரம், நமக்குக் கிடைக்கவில்லை என்று விட்டுவிடலாம். பயந்துகொண்டே போய் அடிக்கிற மனுஷனோடு என்ன செய்வது?

அப்புறம் நடந்ததில் கொஞ்சம் உனக்கு ஞாபகம் இருக்கும். நம் வீட்டு ஆட்களுக்கு வேலை இல்லை என்றார்கள். மளிகைக் கடையில் மண்ணெண்ணெய் இல்லை என்றார்கள், டின் நிறைய இருக்கும்போதே. வாய்க்கால் மதகில் உன் அப்பாவை மறித்து அடித்தார்கள். அவருடைய வலது தோள் அதற்குப் பிறகு மேலே எழும்பவே இல்லை. நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாய். அந்த மூலையிலிருந்து நீ இன்னும் எழுந்து வரவில்லை என்று எனக்குச் சில நேரம் தோன்றுகிறது. அதற்காக உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். பிள்ளை பார்க்கக் கூடாததை நீ பார்த்தாய். ஆனால் அவர் மறுநாள் இடது கையால் அடித்ததையும் நீ பார்த்தாய். அதை ஏன் மறந்துவிட்டாய்?

உனக்குச் சின்ன வயதில் வேதசாட்சிகள் கதை சொல்லிக்கொடுத்தது நான்தான். சிங்கத்துக்குப் போட்டார்கள், எண்ணெயில் போட்டார்கள், சிரித்த முகத்தோடு செத்தார்கள் என்று. இப்போது நினைத்தால் எனக்கே சலிப்பாக இருக்கிறது. மளிகைக் கடை வாசலில் டின்னோடு நின்று இல்லை என்ற பதிலைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வருகிறவளுக்கு எந்தக் கோயிலிலும் சுரூபம் செய்து வைக்கவில்லை. அவள் சிரித்த முகத்தோடும் வரவில்லை. வழியெல்லாம் மாதாவைத் திட்டிக்கொண்டு வந்தேன். திட்டித் திட்டித்தான் ஒருநாள் எனக்கு விளங்கியது. நாம் உச்சிக்குச் சொல்கிற ஜெபம் எதைப் பற்றி? ஆண்டவர் அனுப்பிய தூதர், சம்மனசானவர், நம் மாதாவாகிய ஒரு ஏழைப் பெண்ணிடம் வந்ததைப் பற்றி. வந்தவர் முதலில் பயப்படாதே என்றார். உனக்கு ஒன்றும் ஆகாது என்று அவர் சொல்லவே இல்லை. அவளுக்கு எல்லாமும் ஆயிற்று. ஊர் பேசியது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், கடைசியில் அந்தப் பிள்ளையைச் சிலுவையில் பார்த்தாள். ஆனால் அன்றைக்கு அவள் சரி என்றாள். நடுங்கிக்கொண்டேதான் சொல்லியிருப்பாள், எனக்குச் சந்தேகமே இல்லை. பிரசங்கத்தில் யாரும் இதை எனக்குச் சொல்லவில்லை. பயம் போன பிறகு தைரியம் வரும் என்று காத்துக்கொண்டிருந்தால் அது இந்த ஜென்மத்தில் வராது. பயத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போக வேண்டியதுதான். விசுவாசம் என்று எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், மகனே.

அந்தத் தடவை எப்படி முடிந்தது தெரியுமா? புதுமை, அற்புதம் என்று எதுவும் நடக்கவில்லை. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டு வந்தது. நம் ஆட்களை வேலைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், மற்றவர்களை வைத்து நடலாம் என்று பார்த்தார்கள். பூங்காவனமும் அவள் கூட்டமும் உச்சி மணி கேட்டதும் கரையேறி உட்கார்ந்துகொண்டார்கள், வந்தால் எல்லோரும் சேர்ந்து வருகிறோம் என்றார்கள். நாற்று காத்திருக்குமா? காரியக்காரரே காலனிக்கு வந்து கூப்பிட்டார். மணியைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. அடித்துக்கொண்டே இருந்தோம். உன் அப்பா இதை ஆண்டவர் செயல் என்றார். நான் நாற்றின் செயல் என்றேன். "நாத்த யாரு வளக்கிறா?" என்று கேட்டார். அந்த மனுஷனோடு பேசி ஜெயிக்க முடியாது.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ வேலை பார்ப்பது எங்கே? மில்லில், டைம் ஆபீஸில். மில்லில் உச்சிக்குச் சங்கு ஊதுகிறது. ஊதினதும் மெஷின் நிற்கிறது, நீ டிபன் பாக்ஸைத் திறக்கிறாய். மேனேஜர் வந்து, சங்கு வேண்டாம், நேரத்தை நான் சொல்கிறேன், அதுவரைக்கும் வேலை செய் என்றால் நீ விடுவாயா? யூனியன் விடுமா? கொடி பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட மாட்டீர்களா? நீ போன வருஷம் வந்து நின்றதை நீயே வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னாய். வயல் பெண்களுக்கு எந்த மில் சங்கு ஊதுகிறது? உன்னைப் பெற்றவள் சேற்றில் நின்று கேட்ட சங்கு அந்தத் தண்டவாளத் துண்டுதான். சாமிக்கு மணி அடித்தால்தான் கேட்குமா என்றாயே. சாமிக்கு எதற்கு மணி? அவருக்கு எல்லாம் கேட்கிறது, கேட்காமல் இருக்க அவரால் முடியாது. மணி நமக்கு. இந்த நேரம் ஆண்டவருடையது, எந்தப் பெரிய வீட்டுக்கும் சொந்தம் இல்லை என்று சேற்றில் நிற்கிறவள் தெரிந்துகொள்வதற்கு. அதைப் போய் நீ எழுதிக் கொடுத்துவிட்டாய்.

இவ்வளவு பேசுகிறவள் திங்கட்கிழமை என்ன செய்தேன் என்று கேட்பாய். அடிக்கவில்லை. செவ்வாயும் அடிக்கவில்லை. உன் கையெழுத்தை நான் மீறினால் உனக்கு ஏதாவது வருமோ, கல்யாணத்தில் வந்து கலாட்டா செய்வார்களோ, கூரைக்கு நெருப்பு வைப்பார்களோ என்று உச்சி நேரம் வரும்போதெல்லாம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நம் கோயில்காரர்கள் ஒருத்தராவது வந்து ஏன் அடிக்கவில்லை என்று கேட்பார்கள் என்று பார்த்தேன். ஒருத்தரும் வரவில்லை. தெருவில் என்னைக் கண்டால் கழனித் தண்ணி ஊற்றப் போகிறவர்கள்போல அவசரமாகத் திரும்பிக்கொண்டார்கள்.

இன்றைக்கு நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. உச்சி வந்து போனது. நான் கதவைச் சாத்தி உட்கார்ந்திருந்தேன். திடீரென்று மணிச் சத்தம். மும்மூன்றாக இல்லை, கன்னாபின்னாவென்று, தகரத்தைத் தட்டுவதுபோல. ஓடிப்போய்ப் பார்த்தால் பூவரச மரத்தடியில் பூங்காவனம். முழங்கால்வரை சேறு, இடுப்பில் சொருகின சேலை, கையில் நம் இரும்புக்கம்பி. அவளுக்கும் வயதாகிவிட்டது, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அடியே, நீ ஏண்டி அடிக்கிற? வூட்ட எரிச்சிப்புடுவாங்க!" என்றேன்.

"நான் இன்னா கையெழுத்தா போட்டேன்? உங்க ஆளுங்கதான போட்டாங்க. வயல்ல எங்க மருமவ நிக்கிறா, பச்சப்புள்ளக்காரி. மூணு நாளா அந்தப் பெரிய வூட்டுச் சின்னய்யா கைக்கடியாரத்தப் பாத்துக்கினு நின்னுக்கினு இருக்கான், ஏற வுட மாட்டன்றான். உங்க மாதாவுக்கு வாணாம்னா போவுது, எங்களுக்கு வேணும்." கம்பியை மறுபடி ஓங்கினாள். "இன்னா கணக்குடி இதுக்கு? எத்தினி அடி?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, மகனே. அழுகையும் வந்தது. ஞானஸ்நானம் வாங்கினவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன், வாங்காதவள் வந்து மாதா கோயில் மணியை அடிக்கிறாள். அவள் கையிலிருந்து கம்பியைப் பிடுங்கினேன். "உனுக்கு அடிக்கத் தெரியல, குடு" என்றேன். மும்மூன்றாக அடித்தேன். முதல் அடி தண்டவாளத்தில் படாமல் மரத்தில் பட்டது. அடித்துவிட்டுச் சத்தமாக ஜெபம் சொன்னேன். பூங்காவனம் ஜெபம் முடிகிறவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு, "செரி, நான் போயி கஞ்சி குடிக்கிறேன்" என்று போய்விட்டாள். தூரத்தில் வயலைப் பார்த்தேன். பெண்கள் கரையேறிக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் பெரிய வீட்டு மகன் மோட்டார் சைக்கிளில் வந்தார். வண்டியை நிறுத்தாமலே, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பேசினார்.

"இன்னாம்மா, எழுதிக் குடுத்தாச்சி, கையெழுத்தும் ஆயிட்சி. அப்பால இது இன்னா?"

"நான் போடலீங்க."

"உன் புள்ள போட்டானே."

"அவன் மில்லுல வேல செய்றான். இங்க மணி அடிக்கிறது நானு."

"எதுனா ஆச்சின்னா என்னக் கேக்காத."

"உங்களக் கேக்க மாட்டேன் சின்னய்யா. கேக்குற எடத்துல கேட்டுக்கறேன்."

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரியும். இன்றைக்கு ராத்திரி தூங்க மாட்டேன், அதுவும் தெரியும். நான் வீரமாகப் பேசிவிட்டேன் என்று நினைக்காதே. அவர் போன பிறகு மரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நாளைக்கும் அடிப்பேன். பயந்துகொண்டேதான் அடிப்பேன்.

உனக்குப் பெண்டாட்டி வரப்போகிறாள். தாயாகச் சொல்கிறேன், அவளிடம் உன் பயத்தை மறைக்காதே. பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல், அவளும் சொல்லட்டும், இரண்டு பேரும் சேர்ந்து நடுங்குங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பயத்துக்குச் சமாதானம் என்று பேர் வைத்து அவளை ஏமாற்றாதே. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதையும் ஏமாற்றாதே. கொம்யூன் ஆபீஸுக்குப் போய்க் கையெழுத்தைத் திருப்பி வாங்கிக்கொள் என்று நான் உன்னைக் கேட்கவில்லை. அது உனக்கும் ஆண்டவருக்கும் நடுவில். நீ என் பிள்ளை, உனக்கு ஒரு கீறல் விழுந்தாலும் என்னால் தாங்க முடியாது, அதனால் உன்னை வா, வந்து என்னோடு நில் என்று கூப்பிடவும் எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நீ வருவாயா என்று பார்ப்பேன். அதைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியாது.

கல்யாணத்தை நம் ஊரில் வைக்கப் பயமாக இருந்தால் மடுகரையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெண் வீட்டார் மனம் நோக நான் ஒன்றும் பேச மாட்டேன். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, தலையில் பூ வைக்காமல், விதவைத் தாய் எப்படி வர வேண்டுமோ அப்படி வந்து முன்வரிசையில் உட்காருவேன். ஒன்றே ஒன்று மட்டும் செய். பூசையை விடியலில் வைக்கச் சொல். பத்து மணி, பதினோரு மணி என்று பத்திரிகை அடித்துவிடாதே. தாலி மந்திரித்துக் கட்டினதும் உங்கள் இரண்டு பேர் நெற்றியிலும் சிலுவை போட்டுவிட்டு நான் பஸ் ஏறிவிடுவேன். விருந்துப் பந்தியில் என்னைத் தேடாதே. உச்சிக்கு நான் இங்கே இருக்க வேண்டும்.

உன் அம்மா